கையெழுத்துக்குக் கீழே எழுதாதீர்கள்

நான் வேலை பார்த்த பள்ளிக்கூடத்துக்குப் புதிதாக வந்திருக்கும் ஆசிரியைகள் இரண்டு பேர் போன வாரம் என் வீட்டுக்கு வந்து, பள்ளிக்கூடத்து ஆண்டு மலருக்கு நான் ஏதாவது எழுதித் தந்தால்தான் எழுந்திருப்போம் என்று உட்கார்ந்துகொண்டார்கள். மாணவிகள் கட்டுரையில் செய்கிற பிழைகளும் அவற்றைத் தவிர்க்கும் வழிகளும் என்று தலைப்பையும் அவர்களே கொண்டுவந்திருந்தார்கள். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். நாலு பேர் பார்த்தால் எனக்குப் பேச்சு வராது. முடியாது என்றுதான் சொன்னேன். ஆனால் கையோடு ஒரு கட்டு நோட்டுப் புத்தகமும் கொண்டுவந்திருந்தார்கள். ஒன்றைப் பிரித்தேன். மிளகாய்த்தூள் கொட்டிக் கிடப்பதுபோலப் பக்கம் முழுவதும் சிவப்பு மை. ஒவ்வொரு தப்புக்கும் மேலே சரியானதை எழுதி, ஓரத்தில் காரணம் எழுதி, அடியில் புத்திமதியும் எழுதியிருந்தது. அடுத்த வாரத்துப் பக்கத்தைப் புரட்டினேன். அதே பெண், அதே தப்புகள். ஒன்றுகூடக் குறையவில்லை.

"இந்தச் சிவப்பை அவள் படித்தாளா?" என்று கேட்டேன்.

"படிக்கச் சொல்லியிருக்கிறோமே" என்றார்கள்.

"அவள் எழுதினதை நீங்கள் படித்தீர்களா?"

இரண்டு பேரும் நோட்டுகளை அடுக்கத் தொடங்கினார்கள். அந்த எரிச்சலில்தான் எழுத உட்கார்ந்தேன். வியாசம் என்று சொல்லக்கூடாதாம், இப்போது கட்டுரையாம். என் வாயில் வருவது வியாசம்தான். பொறுத்துக்கொள்ளுங்கள்.

எம்டன் கப்பல் வந்து எண்ணெய்த் தொட்டிகளைக் கொளுத்திவிட்டுப் போனபோது ராயபுரத்தில் பாதிப் பேர் மூட்டை கட்டிக்கொண்டு ஓடினார்கள். அப்படி ஓடியவர்களில் எங்கள் பள்ளிக்கூடத்து உதவி உபாத்தியாயினியும் ஒருத்தி. மற்றவர்கள் திரும்பி வந்தார்கள், அவள் வரவில்லை. அந்த இடம்தான் எனக்குக் கிடைத்தது. ஆறு மாதம் பாய் விரித்தேன், பலகை துடைத்தேன், தலைமை உபாத்தியாயினி எஸ்தரம்மாள் திருத்தும்போது பக்கத்தில் நின்று பார்த்தேன். என் டிரெயினிங் அவ்வளவுதான்.

காலையில் சின்னப் பெண்களுக்கு வகுப்பு. மத்தியானம் இரண்டு மணி முதல் நான்கு மணி வரை பெரிய பெண்பிள்ளைகளுக்கு. மீன் விற்று முடித்தவர்கள், விறகுக் கடைக்காரி, கப்பலிலும் ரயில் பட்டறையிலும் வேலை செய்கிறவர்களின் பெண்சாதிகள் என்று பதினெட்டுப் பேர். மீன் கூடைகளை வாசலில் பூவரச மரத்தடியில் கவிழ்த்துவிட்டு வருவார்கள். பாடம் நடக்கும்போது காக்கை ஓட்டுவதும், அவர்கள் எழுதின வியாசங்களை எல்லோருக்கும் உரக்க வாசிப்பதும் என் வேலை. ஐந்தாம் வகுப்பு தேறினால் ஆஸ்பத்திரியிலோ பள்ளிக்கூடத்திலோ ஒரு வேலைக்குப் போகலாம் என்பதால் வந்தவர்கள் அவர்கள். வியாசத்தின்மேல் ஆசை வைத்து ஒருத்திகூட வரவில்லை.

எஸ்தரம்மாளைப் பற்றி இப்போதுள்ளவர்களுக்குத் தெரியாது. வெள்ளைச் சேலை, வாயில் எப்போதும் ஒரு கிராம்பு. சத்தம் போட்டு நான் கேட்டதில்லை. திங்கட்கிழமை காலையில் சிவப்பு மைத்தூளைத் தானே கரைப்பாள். அந்த வாரத்துக்கு அவ்வளவுதான் மை. தீர்ந்தால் மறு திங்கட்கிழமைதான். ஆகையால் கண்டபடி செலவழிக்க முடியாது. ஒரு வியாசத்தை முதலில் பேனாவைத் தொடாமல், கையைக் கட்டிக்கொண்டு, கடைசிவரை படிப்பாள். இரண்டாந்தரம்தான் பேனா. அப்போதும் சரியானதை எழுதிக் கொடுக்கமாட்டாள். தப்பு உள்ள வரிக்கு நேரே ஓரத்தில் ஒரு புள்ளி வைப்பாள். இரண்டு தப்பு இருந்தால் இரண்டு புள்ளி. "வைத்தது நான். தேடுவது நீ" என்று நோட்டைத் திருப்பிக் கொடுத்துவிடுவாள். அடுத்த வகுப்புக்குள் கண்டுபிடிக்காவிட்டால் புள்ளியைச் சுற்றி ஒரு வட்டம் போடுவாள். வட்டம் வாங்கினவள் அன்று முழுவதும் யாரோடும் பேசமாட்டாள். இந்த முறையை நீங்கள் எடுத்துக்கொண்டால் உங்கள் மையும் மிச்சம், கண்ணும் மிச்சம்.

எஸ்தரம்மாளிடம் இன்னொரு சட்டமும் இருந்தது. வியாசத்தின் முடிவில் பெயர் எழுதவேண்டும். பெயருக்குக் கீழே இரண்டு சிவப்புக் கோடு போடுவாள். "இதற்குக் கீழே எனக்குக் கண் கிடையாது" என்பாள். முன்பு ஒருத்தி பரீட்சைக் காகிதத்தில் பெயர் எழுதிக் கொடுத்த பிறகு வேறு யாரோ அடியில் நாலு வரி சேர்த்துவிட்டார்களாம். பரீட்சை செய்ய வந்த இன்ஸ்பெக்டரம்மா அதைக் கண்டுபிடித்துப் பள்ளிக்கூடத்துப் புத்தகத்தில் எழுதிவிட்டுப் போனாளாம். அதிலிருந்து வந்த சட்டம்.

எங்கள் பெண்பிள்ளைகள் செய்த தப்புகளைச் சொன்னால் உங்களுக்குச் சிரிப்பு வரும். எனக்கு அப்போது வரவில்லை. பூனையைப் பற்றி எழுது என்றால், "இதனால் சகலமானவர்களுக்கும் அறிவிப்பது என்னவென்றால்" என்று தொடங்குவார்கள். துறைமுகத்துச் சுவரில் ஒட்டும் ஏல நோட்டீசைப் பார்த்துப் படிக்கக் கற்றுக்கொண்டவர்கள். பசுவைப் பற்றி எழுத உட்கார்ந்தால், பசுவைப் படைத்த கடவுளைத் துதித்து, கடவுளைக் காட்டிய பெற்றோரைத் துதித்து, பெற்றோரை மதிக்கச் சொன்ன எஸ்தரம்மாளைத் துதித்து முடிப்பதற்குள் பக்கம் முடிந்துவிடும். பசு வந்தே சேராது. விறகுக் கடைக்காரி வரிக்கு வரி "ஆகவே" என்று எழுதுவாள். எதிலிருந்து ஆகவே என்று கேட்டால், "சும்மா கெத்தா கீது" என்பாள்.

இவை எல்லா ஊரிலும் உள்ள தப்புகள். எங்கள் தெருக்களில் மட்டும் வேறொரு தப்பு இருந்தது. வருஷக் கணக்காக அதற்குக் காரணம் தெரியாமல் தலையில் அடித்துக்கொண்டேன். எதைப் பற்றி எழுதச் சொன்னாலும் முதலில் நாலு வரி நல்லதாக எழுதுவார்கள். "மற்றபடி விசேஷம் ஒன்றுமில்லை. இப்படிக்கு" என்று பெயர் போடுவார்கள். விஷயம் அதற்குக் கீழேதான் இருக்கும். பாலைப் பற்றி எழுதச் சொன்னோம். பால் உடம்புக்கு நல்லது, குழந்தைகள் குடிக்கும், மற்றபடி விசேஷம் ஒன்றுமில்லை, இப்படிக்கு ரமீஜாபீ. அதன் கீழே பாருங்கள்: எந்தப் பால்காரன் எந்தக் குழாயில் தண்ணீர் பிடித்து ஊற்றுகிறான், அதைப் பார்த்தவர்கள் யார் யார், கேட்டபோது என்ன சத்தியம் செய்தான், எல்லாம் இருக்கும். அருமையான வியாசம். எஸ்தரம்மாளுக்குத்தான் அதற்குக் கண் கிடையாதே! நாலு வரி நல்லதற்கு என்ன மார்க்கு கிடைக்குமோ அதுதான் கிடைக்கும்.

ஒரு நாள் பொறுக்கமாட்டாமல் ரமீஜாபீயைக் கேட்டேவிட்டேன். அவள் புருஷன் ரங்கூன் துறைமுகத்தில் மூட்டை ஏற்றுகிற மேஸ்திரி. அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"இன்னா வாத்தியாரம்மா, இதுகூட தெரியாதா? ஒனுக்கு ரங்கூன்ல யாரும் இல்லியா?"

"இல்லை."

"அதான் பாரு. அங்க ஒரே கொட்டாய்ல நாப்பது பேரு கீறாங்கோ. படிக்கத் தெரிஞ்சவன் ஒருத்தன். கடுதாசி வந்தா அல்லாரும் சுத்தி குந்திக்குவாங்கோ, நம்மூரு சேதி கேக்கறதுக்கு. அவன் சத்தமா படிப்பான். 'இப்படிக்கு' வந்துச்சின்னா கப்புனு வாய மூடிக்குவான். அப்பால யாரு கடுதாசியோ அவன மட்டும் தனியா இட்டுகினு போயி, மெதுவா கீழ கீறத படிச்சி சொல்லுவான். நாப்பது பேரு எதுருல, மாமியாக்காரி ஒதச்சான்னு எய்தினா, அந்த ஆளுக்கு மானம் போவாது?"

"இது கடுதாசி இல்லையே, ரமீஜாபீ. வியாசம்."

"நீயும் சத்தமாதானே படிக்கிற?"

அன்று முதல் காரணம் தெரிந்தது. காரணம் தெரிந்துவிட்டால் தப்பு போய்விடும் என்று நினைத்தேன் பாருங்கள், அது என் முட்டாள்தனம். வகுப்பில் நின்று, இது கடிதம் அல்ல, விஷயத்தை முதலிலேயே எழுதுங்கள், பெயருக்குக் கீழே எழுதினால் மார்க்கு கிடையாது என்று படித்துப் படித்துச் சொன்னேன். மறு வாரம் ஐந்து பேர் பெயரே எழுதாமல் கொடுத்தார்கள். ரமீஜாபீ பக்கத்தின் முதல் வரியிலேயே "இப்படிக்கு ரமீஜாபீ" என்று எழுதிவிட்டு, அதற்குக் கீழே வியாசத்தைத் தொடங்கியிருந்தாள்.

"என்ன இது?"

"எனுக்கு விஷயம் கீழதான் வருது. அதான் கையெய்த்த மேல தூக்கிக்கினேன்."

எஸ்தரம்மாள் அந்தப் பக்கத்தைக் கையைக் கட்டிக்கொண்டு பார்த்தாள். முதல் வரிப் பெயருக்குக் கீழே இரண்டு கோடு போட்டாள். "கன்னியம்மா, நீ அவர்களுக்குச் சொல்லித் தருகிறாயா, அவர்கள் உனக்குச் சொல்லித் தருகிறார்களா?" என்றாள். நான் வராந்தாவில் போய் நின்றுகொண்டேன்.

இனிச் சொல்லப்போவது மங்காத்தாவின் வியாசம். அவளுடைய உண்மைப் பெயர் இதுவல்ல. மற்றவர்கள் பெயரையும் மாற்றியிருக்கிறேன். அவளைக் கேட்டுக்கொண்டுதான் எழுதுகிறேன். "அச்சுல போட்டா அவங்கவங்க தனியா குந்திதானே படிப்பாங்கோ? போடு" என்றாள்.

மங்காத்தா மீன் விற்கிறவள். அவள் தெருவில் ரங்கூன் கடிதம் எழுதிக் கொடுப்பவளும் அவள்தான். பிரசவ ஆஸ்பத்திரியில் மருத்துவச்சி வேலைக்குப் பழகச் சேரவேண்டும் என்று ஒரே பிடிவாதம். அதற்கு ஐந்தாம் வகுப்பு தேறிய சர்டிபிகேட் வேண்டும். வயது முப்பதைத் தாண்டக்கூடாது. அந்த வருஷம்தான் அவளுக்குக் கடைசி. வருஷத்துக்கு ஒரே ஒரு தரம் இன்ஸ்பெக்டரம்மா வந்து பரீட்சை செய்வாள். அதில் தவறினால் கூடைதான். கணக்கு, வாசிப்பு எல்லாம் அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு. வியாசம் ஒன்றில்தான் பயம். மூன்று மாதம் அவளை மட்டும் நாலு மணிக்கு மேல் உட்காரவைத்து, எழுது, விஷயத்தை மேலே எழுது என்று உயிரை விட்டேன். கடைசி மாதத்தில் ஓரளவு ஒழுங்காக எழுதத் தொடங்கினாள். சப்பென்று இருக்கும். ஆனால் கோட்டுக்கு மேலே இருக்கும். அது போதும் என்று நினைத்தேன்.

அவளோடு கூடவே வருகிறவள் அஞ்சலை. வயதில் மூத்தவள், இவளுக்குப் பக்கத்துக் கூடைக்காரி, பாயிலும் பக்கத்தில்தான் உட்காருவாள். அஞ்சலையின் தங்கை சின்னப்பொண்ணு மங்காத்தாவுக்கு ஓரகத்தி. அண்ணன் தம்பியைக் கட்டிக்கொண்டு இரண்டு பேரும் ஒரே வீட்டில் இருந்தார்கள். சின்னப்பொண்ணு பிள்ளை பெற்ற ஒன்பதாம் நாள் ஜன்னி கண்டு செத்துப்போனாள். அதிலிருந்து அஞ்சலை மங்காத்தாவைத் தன் தங்கை மாதிரியே வைத்திருந்தாள். இது வகுப்பில் எல்லோருக்கும் தெரிந்த சங்கதி.

அந்த வருஷம் வந்த இன்ஸ்பெக்டரம்மா ஒரு வெள்ளைக்காரத் துரைசானி. முன்ஷி வாத்தியார் வைத்துப் படித்த தமிழ். அச்சு எழுத்தைச் சரளமாக வாசிப்பாள், கையெழுத்து பிடிபடாது. ஆகையால் வியாசக் காகிதங்களை உதவி உபாத்தியாயினி பக்கத்தில் நின்று உரக்க வாசிக்கவேண்டும், அவள் கேட்டு அங்கேயே மார்க்கு போட்டுக்கொண்டே போவாள். எழுதியவர்கள் எல்லோரும் பாயில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருப்பார்கள். அந்த வேலை எனக்குப் பயமில்லை. வாய்தான் என்னுடையது, வார்த்தை வேறொருவருடையது.

பலகையில் "தண்ணீர்" என்று எழுதினாள். ஒரு மணி நேரம் கொடுத்தாள். பிறகு நான் வாசிக்கத் தொடங்கினேன். தண்ணீர் மிகவும் நல்லது. தண்ணீரைப் படைத்த ஆண்டவனுக்கு ஸ்தோத்திரம். ஆகவே தண்ணீர், ஆகவே தாகம். ரமீஜாபீ இந்தத் தரம் பெயரைக் கீழேயே போட்டிருந்தாள், பெயருக்கு மேலே ஒன்றுமே இல்லாத நாலு வரி. துரைசானி கொட்டாவியை அடக்கிக்கொண்டு எல்லோருக்கும் தேறுகிற மார்க்கு போட்டுக்கொண்டே வந்தாள். பதினைந்தாவது காகிதம் மங்காத்தாவுடையது.

"தண்ணீர் எல்லாருக்கும் வேண்டும். தண்ணீரைக் குடிப்பார்கள், குளிப்பார்கள். மற்றபடி விசேஷம் ஒன்றுமில்லை. இப்படிக்கு மங்காத்தா."

அவ்வளவுதான் மேலே. மூன்று மாதம்! இரண்டே வரி! மற்றவர்கள் துதியாவது பாடியிருந்தார்கள். கண் தானாகக் கீழே ஓடியது. பெயருக்குக் கீழே பக்கம் நிறைய, காகிதத்தின் ஓரம் வரை நெருக்கி எழுதியிருந்தாள். முதல் வரியில் சின்னப்பொண்ணு பெயர் இருந்தது. இரண்டாவது வரியைப் படித்ததும் வாசிப்பதை நிறுத்திக்கொண்டேன். நிமிர்ந்து பார்த்தேன். மங்காத்தா தலையைக் குனிந்துகொண்டிருந்தாள். அவள் தோளில் சாய்ந்தாற்போல அஞ்சலை உட்கார்ந்து என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"முற்றிற்றோ?" என்று துரைசானி கேட்டாள். பேனா முனை மார்க்குக் காகிதத்தில் இறங்கிக்கொண்டிருந்தது. இரண்டு வரிக்கு என்ன போடுவாள் என்று எனக்குத் தெரியும்.

எனக்குப் பின்னால் நின்ற எஸ்தரம்மாள், "முடிந்தது, மேடம்" என்றாள்.

அந்தப் பள்ளிக்கூடத்தில் சேர்ந்த நாள் முதல் எஸ்தரம்மாள் சொன்ன ஒரு வார்த்தையை நான் மறுத்ததில்லை. துரைசானியிடம் வாசிப்பதைத் தவிர வேறு பேசினதும் இல்லை. கீழே இருப்பதை உரக்க வாசித்தால் மங்காத்தா தேறுவாள், அஞ்சலை கேட்பாள். வாசிக்காவிட்டால் அஞ்சலைக்குத் தெரியாது, மங்காத்தா தவறிவிடுவாள்.

"முடியலைங்க" என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. இன்னொரு தரம் சொன்னேன். "முடியலைங்க, அம்மா. கீழே இருக்கு. ஆனா அதைப் பொதுவில் படிக்கிற வழக்கம் இல்லை. தனியா வந்தீங்கன்னா மெதுவாப் படிச்சுச் சொல்லுவேன்."

"யாது காரணம்?"

ரங்கூன் கொட்டகையைப் பற்றிச் சொன்னேன். எப்படிச் சொன்னேனோ தெரியாது. துரைசானி பேனாவை வைத்துவிட்டு எழுந்து வராந்தாவுக்கு நடந்தாள். உள்ளே சிரிப்பு கிளம்பியது.

"இன்னாடி மங்காத்தா, தொரசானிக்கே கடுதாசி எய்திட்டியா? வெள்ளைக்கார ஊட்ல சம்பந்தம் பேசறியா?" என்றாள் ரமீஜாபீ.

வராந்தாவுக்கும் வகுப்புக்கும் நடுவே ஒரு மரத் தட்டிதான். மெதுவாகப் படித்தாலும் முன் பாயில் இருப்பவர்களுக்குக் கேட்கும். நான் காகிதத்தைப் பிடித்துக்கொண்டு விழித்தேன். அப்போது உள்ளே எஸ்தரம்மாளின் பிரம்பு மேசையில் ஒரு தட்டு தட்டியது. "எல்லோரும் எழுந்து நில்லுங்கள். பதினாறாம் வாய்ப்பாடு. உரக்க."

பதினெட்டுப் பேரும் பதினாறாம் வாய்ப்பாட்டைக் கத்தத் தொடங்கினார்கள். மீன் விற்ற தொண்டைகள். அந்தச் சத்தத்துக்குள் துரைசானியின் காதருகே குனிந்து வாசித்தேன்.

"சின்னப்பொண்ணு பிள்ளை பெறுகையில் நான்தான் தண்ணீர் வைத்தேன். கொதித்ததா என்று மருத்துவச்சி கேட்டாள். கொதித்தது என்று சொன்னேன். அது கொதிக்கவில்லை. மழைக்காலம், விறகு ஈரம். ஊதி ஊதிக் கண் எரிந்தது. உள்ளே அவள் கத்தினாள். எனக்குப் பயம். அது கால்வாய் ஓரத்துக் கிணற்றுத் தண்ணீர். கையை விட்டால் சுடாது. தண்ணீர் கொதிக்கும்போது முதலில் மீன் சினைபோல அடியில் பொடிப்பொடியாக வரும். பிறகு மீன் கண்போல வரும். பிறகு பானையே ஆடும். அன்றைக்குச் சினைகூட வரவில்லை. இப்போது நான் எங்கே தண்ணீர் வைத்தாலும் பானை ஆடும்வரை பக்கத்தை விட்டு நகரமாட்டேன். அஞ்சலைக்கு இது தெரியாது. தண்ணீரைப் பற்றி எனக்குத் தெரிந்தது இதுதான்."

துரைசானி என் பக்கம் திரும்பினாள். "இவள் மருத்துவச்சி வேலை பயில விரும்புகிறவள் அன்றோ?" என்றாள்.

வாயை மூடிக்கொண்டிருந்தால் பரீட்சை மட்டும்தான் போயிருக்கும். திறந்ததனால் இனி எந்த ஆஸ்பத்திரியிலும் இவளைச் சேர்க்கமாட்டார்கள் என்று நினைத்தேன். ஆமாம் என்று தலையை மட்டும் ஆட்டினேன்.

"கொதிக்கும் இடத்தை மீண்டும் வாசியும்."

வாசித்தேன். சினை என்றால் என்ன என்று கேட்டாள், சொன்னேன். உள்ளே போனாள். வாய்ப்பாடு நின்றது. "இன்று வாசித்தவற்றுள் தண்ணீரைப் பற்றிய வியாசம் இது ஒன்றே" என்று எல்லோருக்கும் கேட்கச் சொல்லிவிட்டு, அந்த நாளின் மேல் மார்க்கை மங்காத்தா பெயருக்கு எதிரே எழுதினாள். பிறகு காகிதத்தைப் பெயருக்குக் கீழே மடித்து, நகத்தால் அழுத்தி, இரண்டாகக் கிழித்தாள். மேல் பாதியை எஸ்தரம்மாளிடம் கொடுத்தாள். கீழ்ப் பாதியை என்னிடம் கொடுத்தாள். "இது எழுதியவளுக்கு உரியது" என்றாள்.

அந்த இரண்டு வரி வியாசமும் மேல் மார்க்கும் பள்ளிக்கூடத்துப் பீரோவில் இருந்தன. எஸ்தரம்மாள் அந்த மார்க்குக்கு நேரே ஓரத்தில் ஒரு சிவப்புப் புள்ளி வைத்துத்தான் பூட்டினாள்.

நான் பட்ட பாடு அதோடு முடிந்தது என்று நினைத்தால் அதுவும் இல்லை. நாலு மணிக்குப் பூவரச மரத்தடியில் மங்காத்தாவிடம் கிழித்த பாதியைக் கொடுத்தேன்.

"அஞ்சல காதுல வியிந்துச்சா?"

"இல்லை. வாய்ப்பாடு சொல்லிக்கொண்டிருந்தாள்."

"அப்ப நா ஆஸ்பத்திரிக்கு போவ மாட்டேன்."

"அடி பாவி!" என்று கத்திவிட்டேன். வாழ்க்கையில் நான் சத்தம் போட்டது அந்த ஒரு தரம்தான். "வெள்ளிக்கிழமைக்குள் சேராவிட்டால் இடம் போய்விடும். உனக்காக நான் துரைசானியிடம் பேசினேனடி!"

"நீ பேசினே. நா இன்னும் பேசலியே. அவளுக்குத் தெரியாம அந்த வாசப்படிய மிதிச்சா, எந்தக் கொயந்தயும் என் கைல நல்லா வராது, வாத்தியாரம்மா. சொல்லிக்கலாம்னு எத்தினியோ தபா வாயத் தொறந்தேன். வரல."

சொல்ல வரவில்லை என்றால் அந்தக் காகிதத்தைக் கொடு, அவளுக்குத்தான் இப்போது படிக்கத் தெரியுமே என்றேன். எரிச்சலில் சொன்னதுதான். யோசித்துச் சொன்னதாக யாரும் நினைக்கவேண்டாம். மங்காத்தா என்னைப் பார்த்தாள். கூடையை நிமிர்த்திக்கொண்டிருந்த அஞ்சலையிடம் நேராகப் போனாள். காகிதத்தை அவள் கையில் திணித்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் நடந்தாள்.

இது நடந்தது திங்கட்கிழமை. செவ்வாய், புதன் அஞ்சலை வகுப்புக்கு வரவில்லை. மீன் விற்கவும் வரவில்லை என்றார்கள். மங்காத்தா வந்தாள். காலியாக இருந்த பக்கத்துப் பாயைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஒரு வரி எழுதவில்லை. அவளைப் பார்க்கப் பார்க்க எனக்கு ஆத்திரமாக வந்தது. யார்மேல் என்று சொல்லத் தெரியவில்லை.

வியாழக்கிழமை வகுப்பு முடிகிற நேரத்துக்கு அஞ்சலை வந்தாள். உள்ளே வராமல் தட்டிக்கு அந்தப் பக்கம் நின்று என்னைக் கூப்பிட்டாள். அழுது முகம் வீங்கியிருந்தது. அதே பாதிக் காகிதத்தின் பின்பக்கத்தில் எழுதி மடித்துக் கொண்டுவந்திருந்தாள்.

"தப்பு கீதான்னு பாரு. இருந்தா திருத்தி நீயே அவ கைல குடு. நா குடுத்தா கட்டிக்கினு அய்வா. எனுக்கு மீனு விக்கணும்."

போய்விட்டாள். பார்த்தேன். இரண்டு இடத்தில் தப்பு இருந்தது. திருத்தச் சொன்னாள், அதனால் திருத்தினேன். மங்காத்தாவைக் கூப்பிட்டுக் கொடுத்தேன். அவள் நின்றபடியே வாய்விட்டுப் படித்தாள்.

"மங்காத்தாவுக்கு அஞ்சலை எழுதிக்கொண்டது. நீ நாளைக்கே போய் ஆஸ்பத்திரியில் சேர்ந்துகொள். மற்றபடி விசேஷம் ஒன்றுமில்லை. இப்படிக்கு அஞ்சலை."

அங்கே நிறுத்தினாள். கீழே இருந்த இரண்டு வரியை வாயை மூடிக்கொண்டு படித்தாள்.

"என் மகள் தலைப்பிரசவத்துக்கு நீதான் வரவேண்டும். தண்ணீர் நான் கொதிக்கவைப்பேன்."